ஒற்றைக்கால் பூட்ஸும் ஒரு மெக்கானிக்கல்காரனும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "எல்லாரும் ஹாஸ்டல் மெஸ், ராகிங், காம்பஸ் இன்டர்வியூன்னே எழுதறாங்கடா. நீயாவது உருப்படியா ஒரு வரலாற்றுக் கட்டுரை குடு" என்றான் நண்பன். எனக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆறாம் வகுப்பில் அசோகர் மரம் நட்டதோடு முடிந்துபோன உறவு அது. ஆனால் ஒரே ஒரு பொருளின் வரலாறு எனக்குத் தெரியும். என் வீட்டு அலமாரியில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு பெண்மணியின் பழைய பூட்ஸ். ஜோடி இல்லை, இடது கால் மட்டும். அதைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க.

என்னோடு படித்தவர்களுக்கு என் ஊர் தெரிந்திருக்கும். நீலகிரி மாவட்டம், கூடலூர் தாலுகா, தேவர்சோலை. "ஊட்டிக்காரன்" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவீர்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் ஊட்டியிலிருந்து மலை இறங்கி, கூடலூர் வந்து, சுல்தான் பத்தேரி போகிற ரோட்டில் போனால் வருவது எங்கள் ஊர். ஊட்டியைப் போல ஏரியும் குதிரையும் கிடையாது. தேயிலை, காப்பி, மிளகு, மழை, அட்டை. இவ்வளவுதான். இதில் அட்டையை மறந்துவிடாதீர்கள், கட்டுரையின் கடைசியில் அது வரும்.

படிப்பு முடித்து இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்ஷன் இன்ஜினியராக இருக்கிறேன். நாள் முழுக்க மிஷின், லாஸ்ட், சோல், பசை என்றே போகும். அதனால்தான் சில வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது, பங்களாவில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அப்பாவுக்குப் பழக்கம். எனக்குப் பெரியப்பா முறை. கையில் ஒரு மஞ்சள் பை.

"தம்பி, நீ செருப்புக் கம்பெனிலதானே இருக்கே? இத பாரு. பழைய ஸ்டோர் ரூம இடிக்கறப்போ பரண்ல கெடந்துச்சு. தங்கக் கம்பெனி துரைசானியோட பூட்ஸு. நூத்தி நாப்பது வருசம் ஆச்சு!"

பைக்குள் கறுப்புத் தோல் பூட்ஸ் ஒன்று. பூஞ்சை பிடித்து, முனை சுருங்கி, பக்கவாட்டில் வரிசையாகப் பட்டன்கள். பதினான்கு இருந்திருக்க வேண்டும், பதினொன்று மிச்சம்.

தங்கக் கம்பெனி கதை

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதை தாலாட்டு மாதிரி. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடலூர் பகுதி முதலில் மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்தது. 1877-ல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். தேவாலா, பந்தலூர் பக்கம் பாறைகளில் தங்கம் ஓடுகிறது என்று ஒரு பேச்சு. ஆஸ்திரேலியாவில் சுரங்க அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பவரை 1879-ல் வரவழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் நம்பிக்கையாகச் சொல்ல, லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. ஷேர் பறந்தது. காட்டுக்குள் மிஷின்கள் வந்தன, துரைமார் வந்தார்கள். கிடைத்த தங்கமோ செலவுக்குக் கட்டவில்லை. 1882 வாக்கில் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது மலையில் குடைந்த குழிகளும் எங்கள் ஊர்க் கதைகளும்தான்.

ஆக, பெரியவர் சொல்வது உண்மையானால் இந்த பூட்ஸ் 1880, 1881 காலத்தைச் சேர்ந்தது. இருக்கலாம். ஆனால் நம் மெட்ராலஜி சார் சொல்வாரே, "வாயால அளக்காதே, வெர்னியரால அள!" அதைத்தான் செய்தேன்.

பூட்ஸுக்கு ஜாதகம் கணிப்பது எப்படி?

பழைய பூட்ஸ்களைச் சேகரிப்பதும் வயது கணிப்பதும் வெளிநாட்டில் பெரிய துறை. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்ற செருப்புத் தொழில் ஊரின் மியூசியத்திலும், கனடாவின் டொரண்டோவில் 1995-ல் சோன்யா பாட்டா அம்மையார் திறந்த பாட்டா ஷூ மியூசியத்திலும் பத்தாயிரத்துக்கும் மேலான காலணிகள் இருக்கின்றன. அங்கே பழைய வீடுகளின் சுவரிலும் புகைபோக்கியிலும் ஒற்றைச் செருப்பை ஒளித்துவைப்பது வழக்கமாம். நாம் புது வீட்டில் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி, திருஷ்டி கழிய! அப்படிக் கண்டெடுத்தவற்றுக்கு நார்தாம்ப்டனில் தனிப் பதிவேடே இருக்கிறது.

அடிப்படை விதி ஒன்றுதான். ஒரு பொருளில் இருக்கும் அசல் பாகங்களில் எது கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அதற்கு முன்னால் அந்தப் பொருள் பிறந்திருக்க முடியாது. "அசல்" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம் பூட்ஸின் குதிகால் அடியில் ரப்பர் துண்டு ஒன்று ஆணி அடித்து இருந்தது. அது யாரோ கடைத்தெருவில் பிற்பாடு போட்ட ஒட்டு. அதை வைத்துக் கணித்தால் ஜாதகம் தப்பாகிவிடும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இடதா வலதா. சிரிக்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெண்களின் பூட்ஸ் பெரும்பாலும் இரண்டு காலுக்கும் ஒரே அச்சில்தான் வந்தது. எதை எந்தக் காலில் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆண்களுக்கு இடம் வலம் முன்னதாகவே வந்துவிட்டது, பெண்களுக்கு மெதுவாகத்தான் வந்தது. நம்முடையது தெளிவான இடது கால். ஆகவே மிகப் பழையது இல்லை.

இரண்டாவது, ஹீல். 1800-லிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பெண்களின் காலணி தட்டையாக இருந்தது. 1850-களில்தான் ஹீல் திரும்ப எட்டிப் பார்த்தது. நம்முடையதில் நாலரை சென்டிமீட்டர்.

மூன்றாவது, மூடும் விதம். விக்டோரியா ராணிக்குச் செருப்பு தைத்த ஸ்பார்க்ஸ் ஹால் என்பவர் 1837-ல் பக்கவாட்டில் இழுபடும் எலாஸ்டிக் வைத்த பூட்ஸைக் கொண்டுவந்தார். 1840-களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் அதுதான் ஃபேஷன். கயிறு கோக்கும் துளைக்கு உலோக வளையம் 1823-ல் பேடன்ட் ஆனது. பட்டன் பூட்ஸின் பொற்காலம் 1870-களிலிருந்து 1910-கள் வரை. இந்தப் பட்டன்களை விரலால் போட முடியாது, அதற்கென்று ஒரு கொக்கி உண்டு. துரைசானி குனிய மாட்டார், ஆயா போட்டுவிட வேண்டும்.

நான்காவது, தையல். இதுதான் நம்ம ஏரியா! கையை உள்ளே விட்டு இன்சோலைத் தடவினால் ஓரம் முழுக்க ஒரு தையல் வரிசை தட்டுப்பட்டது. லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858-ல் பேடன்ட் வாங்கிய மிஷினின் கைரேகை அது. பூட்ஸுக்குள் ஒரு கொம்பு நுழைந்து, அடியிலிருந்து மேல்வரை ஒரே தையலாகப் போடும். இன்றைக்கும் எங்கள் தொழிலில் இதற்கு பிளேக் தையல் என்றே பெயர். உள்ளே தையல் தெரியாமல், வெளியே ஓரப்பட்டையில் மட்டும் தெரிந்தால் அது குட்இயர் வெல்ட். 1870-களில் வந்தது. அந்த குட்இயர், ரப்பரைப் பதப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன். ஆக, நம் பூட்ஸ் 1858-க்குப் பிந்தைய மிஷின் வேலை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். மேல் தோலை லாஸ்ட் மேல் இழுத்து, மடித்து, ஆணி அடிப்பதுதான் ஷூ தயாரிப்பில் கஷ்டமான வேலை. கைதேர்ந்தவர் ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடி முடிப்பார். 'மிஷினால் இது ஆகவே ஆகாது' என்றார்கள். சுரினாம் நாட்டிலிருந்து அமெரிக்காவின் லின் நகரத்துக்குப் பிழைக்க வந்த யான் மாட்ஸெலிகர் என்ற கறுப்பின இளைஞர், பகலில் வேலை, இரவில் சோதனை என்று பாடுபட்டு 1883-ல் அந்த மிஷினுக்குப் பேடன்ட் வாங்கினார். நூற்றுக்கணக்கான ஜோடிகள் ஒரே நாளில் வந்தன. பூட்ஸ் விலை இறங்கியது. ஆறே வருஷத்தில், 36 வயதில், காசநோயில் இறந்துபோனார். எங்கள் லாஸ்டிங் செக்ஷனில் புதிதாகச் சேரும் டிப்ளமா பையன்களுக்கு முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஐந்தாவது, முனை. 1830-களிலிருந்து 60-கள் வரை சதுர முனை. பிறகு வட்டம். 1890-களில் கூர் முனை. நம்முடையது கூர் முனை. தங்கக் கம்பெனி கதை இங்கே லேசாக ஆட்டம் கண்டது.

ஆறாவது, தோல். இதுதான் கதையை முடித்தது. ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. லென்ஸ் வைத்து வெட்டு விளிம்பைப் பார்த்தேன். பட்டையில் பதனிட்ட தோலாக இருந்தால் உள்ளே காவி நிறம் தெரியும். நம் சென்னை மாகாணமே ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்து பேர் வாங்கியதுதான். ஆனால் இதன் விளிம்பில் வெளிறிய நீலச் சாம்பல். அது குரோமியம் உப்பின் நிறம். எங்கள் கம்பெனியில் தினமும் பார்க்கிற நிறம். குரோம் பதனிடுதலுக்கு அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் என்பவர் பேடன்ட் வாங்கியது 1884-ல். கடைக்கு வரும் அளவுக்குப் பரவியது 1890-களில். நம் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-ல்தான் அந்தச் சோதனையைத் தொடங்கினார். குரோம்பேட்டை என்ற பெயரே அப்புறம் வந்த குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான். எலெக்ட்ரிக் டிரெயினில் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது, உயரம். 1910-களில் பாவாடை மேலே ஏற ஏற பூட்ஸும் கெண்டைக்கால் வரை ஏறியது. 1920-களில் பூட்ஸே போய் பட்டை வைத்த ஷூ வந்துவிட்டது. நம்முடையது கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கிறது.

கூட்டிக் கழித்தால் என்ன விடை? ஏறத்தாழ 1895-லிருந்து 1910-க்குள் செய்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்த காலம். தங்கக் கம்பெனி மூடி பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் இது பிறந்தே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்த வருஷம் வேறு, போட்ட வருஷம் வேறு. மலைத் தோட்டத்தில் ஒரு பூட்ஸைப் பத்து வருஷம் வைத்துப் போட்டிருப்பார்கள். அந்த ரப்பர் ஒட்டே அதற்குச் சாட்சி.

பெரியவர் கேட்ட கேள்வி

இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்தேன். அவர் வாழ்நாள் முழுக்க அந்தப் பங்களாவில் தங்கக் கம்பெனிக் கதையைச் சொல்லி வந்தவர். கடைசியில் சொல்லிவிட்டேன். நீல விளிம்பை லென்ஸில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ துரைசானி இல்லியா?"

"துரைசானிதான் பெரியப்பா. ஆனா தங்கக் கம்பெனி துரைசானி இல்ல. தோட்டத்துத் துரைசானியா இருக்கும்."

"சரி விடு. நம்ம பொம்பளைங்க போட்டதெல்லாம் எங்கடா தம்பி? பரண் பூரா தேடினேன், அது ஒண்ணும் கெடைக்கலியே?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு நெஞ்சில் குத்தூசி இறங்கின மாதிரி இருந்தது.

அப்பாயியின் கால்

என்னை வளர்த்தது அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர். பிறந்தது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்த எண்ணிக்கையில் அப்பாயியும் ஒன்று. 1973-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் கேம்ப் வழியாக நீலகிரிக்கு வந்தார். இவர்களைப் போன்றவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டம் இருந்தது. பின்னாளில் அதுவே டான்டீ ஆனது. கடல் தாண்டி வந்தும் அதே கொழுந்து, அதே கூடை.

அப்பாயி மலை ஏறியது வெறுங்காலில். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு, காலில் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து முழங்கால் வரை தடவிக்கொள்வார். அப்படியும் சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் விரலிடுக்கில் ரெண்டு அட்டையாவது உருண்டு கிடக்கும். உப்பு வைத்து எடுத்துப்போடுவது சின்ன வயதில் என் வேலை. ரத்தம் நிற்க நேரமாகும். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லியது. செருப்பின் பெயர் அதில் இல்லை. கம்பூட்ஸ் எல்லாம் பிற்பாடு வந்ததுதான்.

அப்பாயியிடம் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. கப்பலேறுவதற்காக இலங்கையில் வாங்கியது. "இந்தியாவுக்குப் போறோம், வெறுங்காலோட எறங்குனா நல்லாருக்காதுன்னு ஒங்க தாத்தா வாங்கிக் குடுத்தாரு" என்பார். தோட்டத்துக்கு அதைப் போட்டதே இல்லை. கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஓட்டுப் போட. அவ்வளவுதான். அவர் போன பிறகு வீடு கழுவியபோது யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அது எனக்குச் செருப்பாகத்தான் தெரிந்தது.

பெரியவர் கேட்ட அன்று ராத்திரி, பூட்ஸின் இன்சோலை அளந்தேன். 23.7 சென்டிமீட்டர். இங்கிலீஷ் செருப்பு அளவு பார்லி மணியிலிருந்து வந்தது. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஒரு பார்லி மணி, அதாவது மூன்றில் ஒரு பங்கு அங்குலம் வித்தியாசம். கணக்குப் போட்டால் மூன்றாம் நம்பர். சின்னக் கால். அப்பாயிக்கும் சின்னக் கால்தான். நீளம் கச்சிதமாக இருந்திருக்கும். ஆனால் அடி அகலம் ஆறரை சென்டிமீட்டர்கூட இல்லை. அறுபது வருஷம் வெறுங்காலில் மலை ஏறி விரல்கள் விசிறி மாதிரி விரிந்த கால் அதற்குள் நுழைந்திருக்காது.

நம்மில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். முதல் வருஷம் ஒர்க்ஷாப் வகுப்பில் ஷூ இல்லாமல் வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். நானும் நின்றேன். அதுவரை நான் ஷூ போட்டதே இல்லை. அடுத்த வகுப்புக்கு முன்னால் ஒரு சீனியர் அண்ணன் தன்னுடைய பழைய ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சைஸ் பெரிசு. முன்னால் பேப்பர் திணித்துக்கொண்டு நாலு செமஸ்டர் ஓட்டினேன். இந்த மலரை அவர் படிக்கிறார் என்றால், அண்ணே, வணக்கம். இன்று ஷூ கம்பெனியில் குப்பை கொட்டுகிறேன்.

எங்கள் கம்பெனியில் மேல் தோல் தைக்கும் பிரிவில் வரிசை வரிசையாகப் பெண்கள். ஐரோப்பியப் பெண்களுக்கான பூட்ஸ் தைக்கிறார்கள். வாசலில் தங்கள் ரப்பர் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். இன்னும் நூறு வருஷம் கழித்து எங்கோ ஒரு மியூசியத்தில் அந்த பூட்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கலாம். வாசலில் கிடக்கும் செருப்பு இருக்காது. அதனால் சென்ற வருஷம் ரிடையர் ஆன ஒரு அக்காவிடம் அவர் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "பைத்தியமா சார் உங்களுக்கு?" என்று சிரித்துவிட்டுக் கொடுத்தார். நாள், இடம், என்ன வேலைக்குப் போட்டது எல்லாம் சீட்டில் எழுதி, பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வீட்டில் பழசு இருக்கிறதா?

இருந்தால் நண்பர்களே, சில விஷயம். பழைய தோலைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். வெயிலில் காயவைக்காதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, நிழலில் காற்றாட விட்டு, உள்ளே வெள்ளைக் காகிதம் அடைத்து, காற்று புகும் அட்டைப் பெட்டியில் வையுங்கள். பாலிதீன் பை வேண்டவே வேண்டாம். 'சும்மா ஒரு தடவை' என்று காலில் மாட்டிப் பார்க்காதீர்கள், தையல் விட்டுவிடும். முக்கியமாக, யார் போட்டது, எப்போது, எங்கே என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்தச் சீட்டு இருந்திருந்தால் எனக்கு லென்ஸே தேவைப்பட்டிருக்காது.

பெரியவர் இன்னும் இருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது டீக்கடையில் யாருக்கோ பூட்ஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கக் கம்பெனி துரைசானின்னு நெனச்சோம். நம்ம இன்ஜினியர் தம்பி பாத்துட்டு, அதெல்லாம் இல்ல, வெட்டுல நீலம் தெரியுதுன்னுட்டான்" என்று. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரியோட பழைய கம்பூட்ஸ் ஒண்ணு கெடக்கு. வேணுமா?" என்றார்.

வேண்டும் என்றேன்.

(இயந்திரவியல், 2008–2012 அணி)